பென்டிரைவில் ஏறாத தளம் எனக்கு எதற்கு?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அது வந்துவிடும். "ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் 100 கல்வி இணையதளங்கள். அவசியம் பகிரவும்." எங்கள் ஒன்றியத்து அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் போடுவார். பத்துப் பேர் கை கூப்புவார்கள். இரண்டு பேர் "மிகவும் பயனுள்ள தகவல் சார்" என்பார்கள். அதோடு சரி. அடுத்த ஜூனில் அதே பட்டியல், அதே எழுத்துப்பிழைகளோடு, வேறொருவர் கையிலிருந்து வரும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மே விடுமுறையில், விடைத்தாள் திருத்தும் வேலையும் முடிந்து வீட்டில் இருந்தபோது, அந்தப் பட்டியலை ஒன்றாம் எண்ணிலிருந்து நூறாம் எண் வரை திறந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று. பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. ஒன்று என்னை ரம்மி ஆடக் கூப்பிட்டது. இன்னொரு முகவரியில் முடி கொட்டுவதை நிறுத்தும் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள். திறந்தவற்றில் பலவும் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கைபேசி எண் கேட்டன, ஓடிபி கேட்டன, நான் மாணவியா பெற்றோரா என்று கேட்டன. நோட்டில் கடைசியில் ஏழு பெயர்கள் எழுதியிருந்தேன். அதிலும் இரண்டைப் பிற்பாடு அடித்துவிட்டேன். பட்டியலைத் தயாரித்த புண்ணியவான் உட்பட யாருமே அதைத் திறந்து பார்த்ததில்லை என்பது என் முடிவு.

நான் ஆலங்காயம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஜவ்வாது மலை அடிவாரம் என்பதால் காற்று நன்றாக வரும், சிக்னல் வராது. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, பத்துக் கணினிகள் இருக்கின்றன, ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. இணைய இணைப்பும் இருக்கிறது, மழை பெய்யாதபோது, காற்று அடிக்காதபோது, வழியில் எங்கும் சாலை தோண்டாதபோது.

சில வருடங்களுக்கு முன்பு, வெளியிலிருந்து பார்வையிட ஆட்கள் வந்திருந்த ஒரு நாளில், ஒன்பதாம் வகுப்புக்கு 'அண்டம்' பாடத்தை ஒரு வெளிநாட்டுத் தளத்தைக் காட்டி நடத்துவதாகத் திட்டம். முந்தின நாள் மாலை வீட்டில் பார்த்தபோது அற்புதமாக ஓடியது. அன்றைக்குத் திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து நிமிடம் ஆனபிறகு கடைசி வரிசைப் பையன் ஒருவன் நிஜமான அக்கறையோடு கேட்டான்: "டீச்சர், இதுதான் பூமியா?" வந்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொன்னால் மிகை, கோபமாகச் சமைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு தளத்தை நான் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? முடியும் என்றால் மேற்கொண்டு பார்ப்பேன். முடியாது என்றால், அது எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் தளமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். சொல்லும்போது ஏழை வீட்டு விதி போலத்தான் இருக்கும். ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த எனக்கு வேறொன்று தெரிந்தது. எடுத்துக்கொண்டு போ என்று விடுகிற தளங்கள்தான் உண்மையிலேயே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்கள் செய்த தளங்கள். நம்மை அங்கேயே உட்கார வைத்துக்கொள்ளப் பார்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

முதலில் ஃபெட். அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் தளம். கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் 2001இல் நோபல் பரிசு வாங்கினார். அடுத்த வருடமே இதைத் தொடங்கினார். பாட வீடியோ எதுவும் அதில் கிடையாது. நாமே இழுத்து, வைத்து, மாற்றிப் பார்க்கிற சிமுலேஷன்கள். அதில் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கணினியில் எந்த பிரவுசர் இருந்தாலும் திறக்கும், நெட் வேண்டாம். சிலது இரண்டு மூன்று எம்பிதான் இருக்கும். காலை வணக்கம் சொல்லி வருகிற வீடியோக்கள் அதைவிடப் பெரிது. பல தமிழிலும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள், எனவே எல்லாம் இல்லை.

மின்னோட்டப் பாடத்துக்கு வருவோம். எந்த வருடமும் எந்த வகுப்பிலும் பிள்ளைகள் மனதில் ஒரு தப்பு உட்கார்ந்திருக்கும்: பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு பல்பைத் தாண்டி இன்னொரு பல்பு வைத்தால் இரண்டாவதுக்கு மிச்சம்தான் கிடைக்கும், அதனால் மங்கலாக எரியும். வாய்க்காலில் முதல் மடைக்காரன் தண்ணீரை எடுத்துக்கொண்டால் கடைமடைக்குக் குறையும் இல்லையா, அந்த நியாயம். விவசாய வீட்டுப் பிள்ளைகளிடம் இதைப் பேசியே மாற்ற முடியாது. மின்சுற்று சிமுலேஷனில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போவது தெரியும். பல்புக்கு முன்னால் எந்த வேகமோ பின்னாலும் அதே வேகம். அம்மீட்டரை எங்கே வைத்தாலும் ஒரே அளவு. இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரியும். வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் வேண்டுமென்றே பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தான், திரையில் பேட்டரி தீப்பிடித்தது. அடுத்த அரைமணி நேரம் பத்துக் கணினியிலும் தீதான். நான் தடுக்கவில்லை. குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அதற்குப் பிறகு ஒரு பரீட்சையிலும் யாரும் தப்பாக எழுதவில்லை.

இதோடு முடித்திருந்தால் அழகான கதை. மறுநாள் லேபிலிருந்து நிஜ டார்ச் பல்புகள் இரண்டை எடுத்து வந்து தொடரிணைப்பில் போட்டோம். ஒன்று பளிச்சென்று எரிந்தது, இன்னொன்று மினுக் மினுக். "பாத்தீங்களா டீச்சர், கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்றார்கள். எனக்கும் ஒரு கணம் திக்கென்றது. பிறகு பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது இடம் மாறியும் பளிச்சென்றே எரிந்தது. அப்படியானால் முன்னால் பின்னால் என்பது காரணம் கிடையாது, பல்புக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பித்தளைக் கழுத்தைப் பார்த்தோம், இரண்டும் வேறு வேறு வோல்ட், வேறு வேறு ஆம்பியர். மின்தடை வேறு. அன்று நடந்த பாடம் என் நோட்ஸ் ஆஃப் லெசனில் இல்லை. திரையில் பார்த்ததும் கையில் பார்த்ததும் முட்டிக்கொண்டதால்தான் அது நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், சிமுலேஷன் மட்டும் போதும், சோதனைச்சாலை வேண்டாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். பேசுகிறார்கள்.

இன்னொரு விஷயம். ஃபெட்டின் பழைய சிமுலேஷன்களில் பல ஃபிளாஷில் செய்யப்பட்டவை. 2020 டிசம்பரோடு ஃபிளாஷ் போய்விட்டது. நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த அசைபடங்களில் ஒரு பெரிய பங்கு அன்றோடு செத்தது. ஃபெட்காரர்கள் ஒவ்வொன்றாகப் புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருடமாக ஒரு பொருளைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை நம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட வாய்ப்பதில்லை.

அடுத்து அரவிந்த் குப்தாவின் தளம். அவர் கான்பூர் ஐஐடியில் படித்தவர். எழுபதுகளின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார்; அங்கே கிராமத்துச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் செய்யத் தொடங்கினார். 2018இல் பத்மஸ்ரீ. அவருடைய தளத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் பிடிக்காது. பழைய நோட்டீஸ் மாதிரி வரிசையாகச் சுட்டிகள். ஆனால் விளம்பரம் இல்லை, பதிவு செய் என்ற கெடுபிடி இல்லை, புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இறங்குகின்றன, குப்பையிலிருந்து பொம்மை செய்யும் குட்டிப் படங்கள் இருக்கின்றன. தமிழில் பேசும் படங்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். இந்தத் தளத்தின் பெரிய குணம், இரண்டு நிமிடத்தில் திரையை அணைத்துவிட்டு எழுந்து போகச் சொல்வது.

எளிய மோட்டார் ஒன்று அதில் உண்டு. ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்ட், ஒரு காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி. ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர்தான். வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளை ஒரு பிடி அள்ளிக் கொடுத்து, "எதுக்கு டீச்சர், வீட்ல மிக்ஸி போயிடுச்சா?" என்று கேட்டார். காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து. பேட்டரியின் மேல் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வளையம். இரண்டு முனைகளையும் ஊக்கின் காதில் மாட்டினால் அது காந்தத்துக்கு மேலே தொங்கும். கம்பியின் எனாமலைச் சுரண்ட வேண்டும், அங்கேதான் சூட்சுமம். ஒரு முனையில் முழுக்கச் சுரண்டிவிடலாம். மறுமுனையில் ஒரு பக்கம் எனாமலை விட்டுவைக்க வேண்டும்.

எல்லோரும் படம் பார்த்தார்கள். எல்லோரும் இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினார்கள். வளையம் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியதே தவிரச் சுற்றவில்லை. எட்டுப் பேரின் மோட்டாரும் ஆடியது. ஒரு பெண்ணுடையது மட்டும் விர்ரென்று சுற்றியது. அவள் கவனமாகச் செய்தாள் என்று நினைத்தேன். கேட்டால், "பிளேடு மொக்கையா இருந்துச்சு டீச்சர், ஒரு பக்கம் போகல" என்றாள். நல்லதாயிற்று. ஏன் அப்படி என்று கேட்க ஆரம்பித்தோம். வளையத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால், முதல் அரைச்சுற்றில் தள்ளுகிற காந்தவிசை அடுத்த அரைச்சுற்றில் பின்னுக்கு இழுக்கும். எனாமல் இருக்கிற பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்சாரம் அறுந்துபோகும், இழுக்க ஆளில்லை, வந்த வேகத்திலேயே வளையம் அந்த அரைச்சுற்றைக் கடந்துவிடும். புத்தகத்தில் திசைமாற்றி என்று ஒரு படம் போட்டிருக்கும், அதன் வேலைக்கு இங்கே ஒரு மொட்டைப் பிளேடு போதுமானதாக இருந்தது.

வால்வு டியூப் மட்டும் இப்போது கிடைப்பது கஷ்டம். சைக்கிள் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

மூன்றாவது ஸ்டெல்லாரியம். வானத்தைக் கணினியில் காட்டும் மென்பொருள், இலவசம், நிரலும் திறந்தது. ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் நெட்டே வேண்டாம். எங்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் எங்கள் மலையில்தான் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. அதற்கும் முன்னால், 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்ததும் ஒன்று. என் பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரம் தெரியும். ஆடு மேய்க்கப் போகிற வழியில் தெரிகிற வெள்ளைக் குண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஸ்டெல்லாரியத்தில் ஊரை ஆலங்காயம் என்று வைத்தேன். தேதியைக் கார்த்திகை தீபம் அன்று, நேரம் இரவு எட்டு மணி. கிழக்கே முழுநிலா. அதன் பக்கத்திலேயே ஒரு கொத்து நட்சத்திரம். "அது என்ன?" என்றேன். கொஞ்ச நேரம் முழித்தார்கள். கார்த்திகை என்று நானே சொன்னேன். எங்களுக்குத் திருவண்ணாமலை தூரமில்லை, தீபத்துக்கு நடந்தே போகிற குடும்பங்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் நிலா நிற்கிற இடம் பார்த்துத்தான் அந்த நாளை வைத்தார்கள் என்று அதுவரை அவர்களுக்குச் சொன்னவர் யாருமில்லை. பிறகு தேதியைத் தைப்பூசத்துக்கு நகர்த்தினோம், நிலா பூசத்துக்குப் பக்கம் போய்விட்டது. சித்ரா பௌர்ணமிக்கு நகர்த்தினால் சித்திரை நட்சத்திரத்தின் அருகில். இங்கிலீஷில் ஸ்பைகா என்று பெயர் எழுதியிருக்கும். மாதத்தின் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது வகுப்பறையில் கண்ணுக்கு நேராக நடந்தது. ஒரு பெண் கேட்டாள், "அப்போ ஆடி மாசத்துக்கு எந்த நட்சத்திரம் டீச்சர்?" உத்திராடம் என்று தேடிச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

வீட்டுப்பாடம் ஒன்றுதான். இன்று இரவு வெளியே வந்து, திரையில் பார்த்ததைத் தேடு. வீட்டில் பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டு. அடுத்த நாள் ஒரு பையன் சொன்னான், அவன் பாட்டிக்கு முன்பெல்லாம் விடிவெள்ளி பார்த்துத்தான் ஏற்றம் இறைக்கப் போகும் நேரம் தெரியுமாம். அவன் பாட்டிக்கு அது வெள்ளிக் கோள் என்று சொல்லியிருக்கிறான். பாட்டி நம்பவில்லை.

எங்கள் கணக்கு சார் என்னைவிடக் கறார். அவர் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார், ஜியோஜீப்ரா. 2001இல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் தன் பட்ட ஆய்வுக்காகச் செய்தது. முக்கோணம் ஒன்று வரைந்து, அதன் சுற்றுவட்ட மையத்தைக் குறித்துவிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்வார். முக்கோணம் விரிகோணமாக மாறும் கணத்தில் மையம் வெளியே ஓடிப்போகும். நடுக்கோட்டு மையம் என்ன இழுத்தாலும் உள்ளேயே இருக்கும். "பத்து படம் வரைய வேண்டியதை ஒரு இழுப்புல முடிச்சுட்டேன்" என்பார். அவருக்கு வேறு தளம் எதுவும் வேண்டாம். நூறில் ஒன்றை இப்படிப் பிடித்துக்கொண்டவரைத்தான் நான் மதிக்கிறேன்.

என் பென்டிரைவில் இருக்கிற இன்னொன்றைப் பற்றிச் சொன்னால் சக ஆசிரியர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இலங்கைப் பாடநூல்கள். அங்கே கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பள்ளிப் புத்தகங்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. இணையத்தில் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். நம் பாடத்தையே வேறொரு தமிழில், வேறு உதாரணங்களோடு படிக்கலாம். முதலில் பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். கார்பன் டை ஆக்சைடு அங்கே காபனீரொட்சைட்டு. ஆக்சிஜன் ஒட்சிசன். முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல். ஒரு வாரம் எங்கள் பள்ளி மைதானத்தில் யார் ஓடினாலும் "ஆர்முடுகு, ஆர்முடுகு" என்று கத்தினார்கள்.

சிரிப்பு அடங்கியபின் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டோம். அவர்கள் புத்தகத்தில் வேகம் என்றால் நம்முடைய திசைவேகம். நம்முடைய வேகத்துக்கு அவர்கள் சொல் கதி. ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு பொருள். எது சரி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது, நம்முடையதுதான் நல்லது என்று ஒரு கட்சி. பேச்சுவழக்கில் கதி என்று ஒரு சொல் இருக்கும்போது அதை எதற்கு வீணாக்க வேண்டும் என்று மற்றொரு கட்சி. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று ஆண்டுதோறும் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்வதை, அந்த வகுப்பு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு தமிழிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்ட எனக்கு ஒரு கோப்பு போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரிவீவர், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. படக்கதைகள், தமிழிலும் நிறைய, படிக்கும் திறனுக்கு ஏற்பப் படிநிலை பிரித்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கொரோனா விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை, அவர்களுக்கு முதல் படிநிலைக் கதைகளை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் இருக்கிறது, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பத்துத் தொகுதி. தகவல் பழசாக இருக்கலாம், அதன் தமிழ் பழசாகவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு வேதியியல்காரர் முன்னெடுத்தது, எங்கள் தமிழம்மா மாதம் ஒன்று இறக்குகிறார். கிவிக்ஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் உள்ள தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நெட் இல்லாமல் தேடலாம். இதைத் தலைமையாசிரியரிடம் காட்டியபோது அவர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மறுபடி தேடிப் பார்த்தார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சிட்டார்கள், 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023இல் மணற்கேணி செயலி வந்தது. நல்ல பாடங்கள் அவற்றில் இருக்கின்றன, நான் பயன்படுத்துகிறேன். ஆனால் க்யூஆர் குறியீட்டைத் தட்டுவதற்கு ஒரு போன் வேண்டும். என் வகுப்பில் பலருடைய வீட்டில் இருப்பது ஒரு போன், அது அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது. எட்டுக்கு மேல் யாருக்கு என்ற போட்டியில் அண்ணன் ஜெயிப்பான், பெண்பிள்ளை ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே பிள்ளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து வைக்கிற எதுவும் பாதிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. பள்ளிக்குள்ளேயே, அந்தப் பத்துக் கணினிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

எடுத்துக்கொண்டு போக விடாத தளம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். ஊரடங்கின்போது ஒரு தனியார் கற்றல் செயலி எல்லாம் இலவசம் என்று அறிவித்தது. நானும் நம்பி வகுப்புக் குழுவில் அனுப்பினேன். நம்பர் கொடுத்தால்தான் திறக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு தாய் தன் நம்பரைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து தினமும் அழைப்பு. உங்கள் பெண் கணக்கில் பலவீனம், இப்போது சேராவிட்டால் நீட் கனவு போய்விடும் என்று. பெண் அப்போது ஏழாம் வகுப்பு. பிறகு இரண்டு பேர் வீட்டுக்கே வந்து ஒரு டேப்லெட்டையும் மாதத் தவணைத் தாளையும் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாய் என்னிடம் வந்து, "நீங்க அனுப்புனதாச்சேன்னு கையெழுத்துப் போட்டேன் டீச்சர்" என்றார். தவணையை நிறுத்த நாங்கள் அலைந்தது பெரிய கதை. அந்த வருடத்திலிருந்து, நான் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்காத ஒரு சுட்டியைக்கூட யாருக்கும் அனுப்பியதில்லை. நூறு தளப் பட்டியலை அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த நூறில் எத்தனை தளம் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பும் என்று அவர்களுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் இன்னொரு புதுச் செயலி செய்ய வேண்டாம். இருக்கிற நல்லவற்றைத் தமிழில் முழுசாகக் கொண்டுவரட்டும். ஒரு ஃபெட் சிமுலேஷனை மொழிபெயர்க்க ஒரு நாவலை மொழிபெயர்ப்பதுபோல் உட்கார வேண்டியதில்லை, சில பத்துச் சொற்கள்தான். எந்த ஆசிரியரும் பதிவு செய்துகொண்டு செய்யலாம் என்று அவர்களே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு நான்கு அறிவியல் ஆசிரியரும் ஒரு தமிழாசிரியரும் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் மிச்சமிருப்பது முடியும். அப்படிச் சோதித்துப் பார்த்தவற்றை எல்லா ஹைடெக் லேப் கணினிகளின் வன்தட்டிலும் ஏற்றிவிட்டால், மழை பெய்தாலும் பாடம் நடக்கும். எங்கள் ஒன்றியத்தில் ஐந்து பேர் இதைச் சொந்தச் செலவில் பென்டிரைவில் செய்துகொண்டிருக்கிறோம், கூட்டம் நடக்கும் நாளில் மாற்றிக்கொள்வோம். டீ இடைவேளை போதும்.

நேரம்தான் போதவில்லை. ஒரு சிமுலேஷனை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நான் இரண்டு மணி நேரம் அதோடு விளையாடியிருக்க வேண்டும். எங்கே பிள்ளை தடுக்கி விழும், எங்கே நான் தடுக்கி விழுவேன் என்று பார்க்க. அந்த இரண்டு மணி நேரம் என் கால அட்டவணையில் எங்கேயும் கிடையாது. பதிவேற்றுவதற்கு இருக்கிறது, படிவத்துக்கு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பீரியட், தயாரிப்புக்கு என்று எழுதி, அதில் வேறு வேலை கொடுக்காமல் விட்டால் அதுவே எனக்குப் பெரிய தொழில்நுட்பம்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். அண்ணன் வாணியம்பாடியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்திருக்கிறானாம். "அந்த பென்டிரைவ குடுங்க டீச்சர், போட்டுட்டு நாளைக்குக் குடுத்துடறேன்." கொடுத்தேன். நாளைக்கு என்பது நான்கு நாள் ஆயிற்று. திரும்பி வந்தபோது இடம் குறைந்திருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே புதுப்படம் ஒன்று, அப்புறம் முக்கால் நிமிட வீடியோ ஒன்று. வீட்டுத் திண்ணை, இரண்டு ஊக்கு, ஒரு பேட்டரி, விர்ரென்று சுற்றும் வளையம். பின்னால் யாரோ கோழியை விரட்டும் சத்தம். படத்தை அழித்துவிட்டேன். வீடியோவை மோட்டார் என்ற ஃபோல்டரில், அரவிந்த் குப்தாவின் படத்துக்கு அடுத்து வைத்திருக்கிறேன்.